மாமன்னரும் நம் வாக்குச்சீட்டும்: மலேசியப் பொதுத் தேர்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

15ஆவது பொதுத் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில், எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் புதிய வாக்காளர்களுக்கு விளக்கம் சொல்லும் குழுவில் நானும் இருந்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஏற்பாடு செய்த கூட்டம் அது. ஆனால் கேள்விகளை அதிகம் கேட்டவர்கள் அவர்களோடு வந்த அப்பா அம்மாக்கள்தான். முப்பது வருடமாக வாக்களித்து வருகிறவர்களுக்கும் ஒரு விஷயம் தெளிவாக இல்லை: நாம் போடும் சிலுவைக் குறி எந்த வழியாகப் போய் ஒருவரைப் பிரதமராக்குகிறது? இடையில் மாமன்னர் எங்கே வருகிறார்? அன்று கேட்ட கேள்விகளோடு பிறகு தொலைபேசியில் கேட்டவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பிரதமரைத் தேர்ந்தெடுப்பது மக்களா, மாமன்னரா?

நேரடியாக மக்களும் இல்லை, தம் விருப்பப்படி மாமன்னரும் இல்லை. பிரதமர் பதவிக்கென்று வாக்குச்சீட்டு எதுவும் கிடையாது. நீங்கள் உங்கள் தொகுதிக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். அப்படி 222 தொகுதிகளிலிருந்து 222 பேர் மக்களவைக்குப் போகிறார்கள். அந்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதும் ஒருவரை அவர் பிரதமராக நியமிக்கிறார். கூட்டரசு அரசியலமைப்பின் 43ஆவது பிரிவு சொல்வது இதைத்தான். ஆகவே எண்ண வேண்டிய எண் 112. அந்த எண்ணிக்கை யார் பக்கம் என்பது பளிச்சென்று தெரியும்போது மாமன்னர் செய்வது முறைப்படியான நியமனம் மட்டுமே. தெரியாதபோதுதான் அரண்மனைக் கதவு பக்கம் எல்லோருடைய பார்வையும் திரும்புகிறது. 1957 முதல் 2018 வரை அந்த நிலை ஏற்படாததால் நம்மில் பலர் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பிரதமராக வருபவர் மக்களவை உறுப்பினராக இருக்க வேண்டும். பதிவின் வழியாகவோ விண்ணப்பித்தோ குடியுரிமை பெற்றவராக இருக்கக் கூடாது. இனமோ சமயமோ அங்கே நிபந்தனையாக எழுதப்படவில்லை. பரம்பரை ஆட்சியாளர்கள் உள்ள மாநிலங்களில் மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், பதவிக்கு அப்படியொரு நிபந்தனை மாநில அரசியலமைப்புகளில் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுவதை அடிக்கடி கேட்கிறேன்.

நம் மாமன்னரும் தேர்தலில்தான் வருகிறாரா?

ஆமாம். உலகில் இப்படி முறைவைத்து அரியணை மாறும் நாடுகள் மிக அரிது. பெர்லிஸ், கெடா, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர், பகாங், திரெங்கானு, கிளந்தான் ஆகிய ஒன்பது மாநிலங்களுக்குப் பரம்பரை ஆட்சியாளர்கள் உண்டு. இந்த ஒன்பது பேரும் ஆட்சியாளர்கள் மன்றத்தில் கூடி, தங்களுள் ஒருவரை ஐந்து ஆண்டுகளுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆளுநர்கள் அந்த மன்றத்தின் மற்றக் கூட்டங்களில் உட்காரலாம். மாமன்னர் தேர்வில் அவர்களுக்கு வாக்கு இல்லை.

வாக்கு இரகசியமானது. முறைப்படி அடுத்து வர வேண்டியவரின் பெயர் சீட்டில் இருக்கும். அவர் பொருத்தமானவரா என்பதைக் குறிக்க வேண்டும். குறைந்தது ஐந்து வாக்கு கிடைத்தால் அவர் மாமன்னர். முடிந்ததும் சீட்டுகளை அழித்துவிடுவார்கள். முதல் சுற்றில் அமைந்த வரிசையே இன்றுவரை தொடர்கிறது. 1957இல் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மானில் தொடங்கி, 2024 ஜனவரி 31 அன்று பதவியேற்ற ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 17ஆவது மாமன்னர். ஒரே ஒருவர் மட்டும் இரண்டு முறை அரியணையில் அமர்ந்திருக்கிறார்: கெடா சுல்தான் அப்துல் ஹாலிம், 1970இலும் 2011இலும்.

இன்னும் சுவையான ஒன்று. நெகிரி செம்பிலானின் ஆட்சியாளர் தந்தைக்குப் பின் மகன் என்று தானாக வருவதில்லை. அங்குள்ள நான்கு உண்டாங்குகள், அதாவது குலத் தலைவர்கள், அரச குடும்பத்திலிருந்து அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்பது ஆட்சியாளர்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் எண்ணத்திற்கு நம் மண்ணிலேயே இப்படி ஒரு வேர் இருக்கிறது.

தெளிவான பெரும்பான்மை இல்லாவிட்டால் என்ன நடக்கும்?

இந்தக் கேள்விக்கு 2020க்கு முன் பாடப்புத்தகப் பதில்தான் சொல்ல முடியும். இப்போது நாட்டுக்கே அனுபவம் இருக்கிறது.

2020 பிப்ரவரி 24 அன்று பிரதமர் துன் மகாதீர் பதவி விலகினார். 2018 தேர்தலில் வென்று ஆட்சியை மாற்றிய அவருடைய கூட்டணி உடைந்திருந்தது. அப்போதைய மாமன்னர் பகாங் சுல்தான் அப்துல்லா மக்களவை உறுப்பினர்களை அரண்மனைக்கு அழைத்து, இரண்டு நாள் ஒவ்வொருவராகச் சந்தித்து, யாரை ஆதரிக்கிறீர்கள் என்று கேட்டார். மார்ச் 1 அன்று முகிதீன் யாசின் பிரதமரானார். அவர் 2021 ஆகஸ்டில் விலகியபோது மறுபடியும் உறுப்பினர்களின் ஆதரவை எழுத்தில் கேட்டு வாங்கி, இஸ்மாயில் சப்ரியை நியமித்தார்கள். நடுவில் ஒரு பொதுத் தேர்தலும் இல்லாமல் மூன்று பிரதமர்களை நாம் பார்த்தோம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் 2018இல் ஒரு மாற்றத்துக்காக வரிசையில் நின்றவர்களுக்கு அது ஏற்படுத்திய வலியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். “இனிமே எதுக்குங்க ஓட்டு?” என்று கேட்ட அக்கா ஒருவர் என் நினைவிலேயே இருக்கிறார்.

2022 நவம்பர் 19 தேர்தல் இன்னும் சிக்கலான முடிவைத் தந்தது. நாட்டின் வரலாற்றில் முதல்முறையாக ஒரு பொதுத் தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் 112 கிடைக்கவில்லை. பக்காத்தான் ஹராப்பான் எண்பதைத் தாண்டி முதலிடத்தில் இருந்தது, பெரிக்காத்தான் நேஷனல் எழுபதைத் தாண்டியது, தேசிய முன்னணி 30, சரவாக் மாநிலக் கட்சிகளின் ஜி.பி.எஸ். கூட்டணி 23. ஐந்து நாள் நாடே காத்திருந்தது. மாமன்னர் அன்வார் இப்ராஹிமையும் முகிதீனையும் அழைத்து, சேர்ந்து ஆட்சி அமைக்கலாமே என்றார். முகிதீன் ஒப்புக்கொள்ளவில்லை. நவம்பர் 24 காலையில் மற்ற ஆட்சியாளர்களோடு கலந்து பேசியபின், அன்று மாலை அன்வார் பிரதமராக உறுதிமொழி எடுத்தார். அதற்கடுத்த மாதம் மக்களவை கூடியபோது நம்பிக்கைத் தீர்மானமும் நிறைவேறியது. என்னைக் கேட்டால் அந்தக் கடைசிப் படிதான் முக்கியம். அரண்மனையில் எண்ணிப் பார்த்த ஆதரவை மக்களவையில் எல்லோர் முன்னாலும் நிரூபிப்பது வழக்கமாகிவிட வேண்டும்.

நாடாளுமன்றத்தைக் கலைப்பது யார் கையில்?

பிரதமர் கேட்க வேண்டும், மாமன்னர் இசைய வேண்டும். இசையாமலிருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. மாமன்னர் சொந்தமாக முடிவெடுக்கக்கூடிய சில விஷயங்களில் இதுவும் ஒன்று; பிரதமர் நியமனம் இன்னொன்று.

மாநில அளவிலும் இதே கதைதான். 2009இல் பேராக்கில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் ஆளும் கூட்டணியை விட்டு விலகினார்கள். சட்டமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் நடத்துங்கள் என்று மந்திரி பெசார் நிசார் கேட்டார். சுல்தான் அஸ்லான் ஷா இசையவில்லை. ஆட்சி தேசிய முன்னணிக்குப் போனது. அந்த ஆண்டு மே 7 அன்று சபாநாயகர் வ. சிவகுமாரை நாற்காலியோடு அவையிலிருந்து வெளியேற்றிய காட்சியை நம்மில் யாரும் மறக்க முடியாது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போய், 2010 பிப்ரவரியில் புதிய மந்திரி பெசாரின் நியமனம் செல்லும் என்று தீர்ப்பானது.

வாக்காளராக நான் பதிந்துகொள்ள வேண்டுமா?

வேண்டாம். முன்பு 21 வயதானதும் அஞ்சலகத்திலோ தேர்தல் ஆணையத்தின் முகப்பிலோ போய்ப் பதிய வேண்டும். இலட்சக்கணக்கானோர் பதியாமலே இருந்தார்கள். 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் இருந்த 211 உறுப்பினர்களும் ஒருமனதாக அரசியலமைப்பைத் திருத்தினார்கள். கட்சி பேதமில்லாமல் அப்படியொரு வாக்கெடுப்பு நடந்தது பெரிய விஷயம். அதற்குப் பின்னால் நின்ற இளைஞர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2021 டிசம்பர் 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிறைந்த குடிமக்கள் எல்லோரும் தானாகவே வாக்காளர்கள். 2018இல் ஏறக்குறைய 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022இல் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது.

என் பெயர் வேறு ஊரில் இருக்கிறது. ஏன்?

உங்கள் மைகார்டில், அதாவது அடையாள அட்டையில், என்ன முகவரியோ, அந்தத் தொகுதியில்தான் உங்கள் வாக்கு. கோலாலம்பூரில் பத்து வருடமாக வேலை பார்த்தாலும், அட்டையில் தைப்பிங் முகவரி இருந்தால் தைப்பிங்கில்தான். இதனால்தான் தேர்தலுக்கு முதல்நாள் இரவு விரைவுச் சாலைகள் தீபாவளி நேரம்போல நெரிசலாகின்றன. 2018 மே 9 புதன்கிழமையாக இருந்தபோது, முன்பின் அறியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் காரில் இடம் கொடுத்து ஊருக்குப் போனார்கள்.

வீடு மாறினால் தேசியப் பதிவுத் துறையில் முகவரியை மாற்றுங்கள். அதைப் பார்த்துத்தான் வாக்காளர் பட்டியலும் மாறும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பலன் இல்லை, ஏனென்றால் பட்டியல் அதற்கு முன்பே உறுதியாகியிருக்கும். வாடகை வீட்டிலிருந்து மலிவு விலை அடுக்ககத்துக்கு மாறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பழைய தோட்டத்து முகவரியிலேயே இருக்கிறார்கள். தோட்டமே இப்போது இல்லை. வாக்கு மட்டும் அங்கே இருக்கிறது.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் வாக்களிக்கலாமா?

முடியாது. நீல அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு. சிவப்பு அட்டை நிரந்தரவாசத் தகுதியை மட்டும் காட்டுகிறது.

இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கும். அன்று மண்டபத்தில் பேத்தியோடு வந்த பாட்டி ஒருவர் தன் சிவப்பு அட்டையை எடுத்துக் காட்டினார். பால்மரம் சீவியே வாழ்நாளைக் கழித்தவர். பேத்திக்கு வாக்கு உண்டு, பாட்டிக்கு இல்லை. தோட்டத்தில் பிறப்பைப் பதியாமல் விட்டதாலும், படிவம் நிரப்பத் தெரியாததாலும், விண்ணப்பித்துவிட்டுப் பல ஆண்டுகள் பதிலுக்குக் காத்திருந்ததாலும் இந்த நிலையில் இருப்பவர்கள் நம் சமூகத்தில் நிறைய. குடியுரிமை வழங்குவது தேர்தல் ஆணையத்தின் வேலை இல்லை. உள்துறை அமைச்சின் பொறுப்பு. வீட்டில் இப்படி யாராவது இருந்தால், தேர்தல் வரும்வரை காத்திருக்காமல் பழைய சான்றுகளை இன்றே தேடி எடுத்து வையுங்கள்: பிறப்புப் பதிவு, தோட்ட நிர்வாகத்தின் கடிதம், பள்ளிச் சான்றிதழ், எது கிடைத்தாலும் சரி.

சாலூரான் என்கிறார்களே, அது என்ன?

ஒரு வாக்களிப்பு மையம் பெரும்பாலும் பள்ளிக்கூடமாக இருக்கும். அதன் ஒவ்வொரு வகுப்பறையும் ஒரு சாலூரான். ஒரு வரிசை, ஒரு பெட்டி. வாக்காளர்களை வயதுப்படி பிரித்து வைப்பது வழக்கம். மூத்தவர்கள் முதல் சாலூரானில், இளையவர்கள் கடைசியில். எந்தச் சாலூரான் என்பதைத் தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டு முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே அடையாள அட்டையைச் சரிபார்த்துப் பெயரை உரக்கச் சொல்வார்கள். கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அது. இடது சுட்டுவிரலில் அழியாத மை வைப்பார்கள். 2013 பொதுத் தேர்தலில்தான் இது முதன்முறையாக வந்தது. பிறகு சீட்டு கையில் வரும். நாடாளுமன்றமும் சட்டமன்றமும் ஒன்றாக நடந்தால் இரண்டு சீட்டு, வேறு வேறு நிறத்தில். உங்களுக்குப் பிடித்தவருக்கு நேரே கட்டத்துக்குள் ஒரு சிலுவைக் குறி. பெயர் எழுதாதீர்கள், கையெழுத்துப் போடாதீர்கள். யார் வாக்களித்தது என்று கண்டுபிடிக்கும்படியான எந்தக் குறியும் சீட்டைச் செல்லாததாக்கிவிடும். இந்தியாவில்போல் பொத்தான் அழுத்தும் இயந்திரம் இங்கே கிடையாது.

காவல்துறை, இராணுவத்தினருக்கு முன்கூட்டியே வாக்களிக்கும் நாள் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் அஞ்சல் வாக்குக்கு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். அந்த உறை வாக்குப்பதிவு முடிவதற்குள் இங்கே வந்து சேராவிட்டால் எண்ணப்படாது.

எண்ணும்போது பெட்டியை மாற்றிவிட மாட்டார்களா?

இந்தப் பயத்தோடு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: போய் உட்காருங்கள்.

பெட்டிகளை எங்கோ தூக்கிக்கொண்டு போய் எண்ணுவதில்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் அந்தந்தச் சாலூரானிலேயே, அதே அறையில், வேட்பாளர்களின் எண்ணிக்கை முகவர்கள் கண்ணெதிரே எண்ணுகிறார்கள். ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டுவார்கள். சந்தேகமானதை முகவர் கேள்வி கேட்கலாம். எண்ணி முடித்ததும் முடிவைப் போராங் 14 என்ற படிவத்தில் எழுதி, முகவர்களும் கையெழுத்திடுவார்கள். ஒரு பிரதி முகவர் கைக்கு வரும். எல்லாச் சாலூரான்களின் போராங் 14ஐயும் கூட்டினால் தொகுதியின் முடிவு. ஆகவே எல்லா அறையிலும் தன் ஆளை உட்காரவைத்த கட்சி, அறிவிப்பு வருவதற்கு முன்பே முடிவைத் தெரிந்துகொள்ளும். அறிவித்த எண்ணும் தன் கூட்டலும் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கும்.

நான் ஒருமுறை எண்ணிக்கை முகவராக உட்கார்ந்திருக்கிறேன். அந்த அறையில் எதிர்க்கட்சி முகவர் ஒரு மலாய் அம்மா. சந்தேகச் சீட்டு வந்தபோதெல்லாம் இருவரும் தலையை நீட்டிப் பார்த்தோம், வாதாடினோம், கடைசியில் ஒரே படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். இந்தப் படிவமும் முகவர்களும்தான் நம் தேர்தலின் உண்மையான பாதுகாப்பு. முகவர் இல்லாத அறையில்தான் வதந்தி பிறக்கிறது.

முடிவில் குறை கண்டால், அரசிதழில் வெளியான 21 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். அது வெற்று உரிமை இல்லை. 2018இல் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் வேட்பாளர் டாக்டர் எஸ். ஸ்ரீராமை, அனுமதி அட்டை இல்லையென்று வேட்புமனு மையத்துக்குள் விடவில்லை. எதிர்த்தரப்பு போட்டியின்றி வென்றது. நீதிமன்றம் அந்த முடிவை இரத்து செய்தது. 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது. ஸ்ரீராம் அதில் தோற்றார். ஆனாலும் ரந்தாவ் மக்களுக்கு வாக்களிக்கும் வாய்ப்பு கிடைத்தது.

அதிக வாக்கு வாங்கியவர்கள் எப்படித் தோற்றார்கள்?

2013ஐத்தான் கேட்கிறீர்கள். அந்தத் தேர்தலில் பக்காத்தான் ராயாட் ஏறக்குறைய 51 விழுக்காடு வாக்கு வாங்கி 89 இடம் பெற்றது. தேசிய முன்னணி ஏறக்குறைய 47 விழுக்காடு வாங்கி 133 இடங்களோடு ஆட்சி அமைத்தது. கள்ள வாக்கு என்று பலர் சொன்னார்கள். ஆனால் ஒரு கள்ள வாக்குகூட இல்லாமலே இப்படி ஒரு முடிவு வர முடியும். காரணம் இரண்டு.

முதலாவது, நம்முடையது தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி என்ற முறை. பிரிட்டனிலிருந்து வந்தது. ஓரிடத்தில் ஐம்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் ஓர் இடம்தான். ஐம்பது வாக்கில் ஜெயித்தாலும் ஓர் இடம்தான்.

இரண்டாவதுதான் பெரியது: தொகுதிகளின் அளவு. 2022இல் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 3 இலட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள். சரவாக்கின் ஈகான் தொகுதியில் சுமார் 28 ஆயிரம் பேர். இரண்டுக்கும் மக்களவையில் ஒரே ஒரு நாற்காலி. ஈகானில் ஒருவர் போடும் வாக்கு பாங்கியில் பத்துப் பேர் போடும் வாக்குக்குச் சமம்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1957 அரசியலமைப்பில் தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்ற வரம்பு இருந்தது. 1962இல் அதைத் தளர்த்தி, கிராமப்புறத் தொகுதி நகர்ப்புறத்தில் பாதி அளவு இருக்கலாம் என்றார்கள். 1973இல் எண் வரம்பையே எடுத்துவிட்டார்கள். கிராமப்புறத்துக்குக் கூடுதல் எடை தரலாம் என்பது மட்டும் மிஞ்சியது. எவ்வளவு எடை? எழுதப்படவில்லை.

கிராமத்துக்குச் சலுகை கொடுப்பதில் நியாயம் இருக்கிறதே?

ஓரளவுக்கு இருக்கிறது. பாராம் போன்ற சரவாக்கின் உள்பகுதியில் ஓர் உறுப்பினர் ஆற்றுப்படகிலும் மண்பாதையிலும் போய் மக்களைப் பார்க்க வேண்டும். 2022இல் வெள்ளத்தால் பாராமில் வாக்குப்பதிவே இரண்டு நாள் தள்ளிப்போனது. சபா, சரவாக் கணக்கில் ஒரு வரலாறும் சேர்ந்திருக்கிறது. 1963இல் மலேசியா அமைந்தபோது 159 இடங்களில் சபா, சரவாக், சிங்கப்பூர் மூன்றுக்கும் சேர்த்து 55. மூன்றில் ஒரு பங்குக்குமேல். தீபகற்பம் தனியாக அரசியலமைப்பைத் திருத்திவிட முடியாத ஏற்பாடு அது. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தபின் அந்தக் கணக்கு உடைந்தது. இப்போது லாபுவானையும் சேர்த்து 222இல் 57. மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்று போர்னியோ மாநிலங்கள் கேட்பதற்கு அடிப்படை இதுதான்.

ஆனால் தீபகற்பத்துக்குள்ளேயே, பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளில் ஒன்று இன்னொன்றைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருப்பதற்கு ஆறும் மலையும் காரணமில்லை. அதை நான் ஏற்க மாட்டேன். தோட்டங்கள் மூடப்பட்டதும் நம் மக்கள் குடிபெயர்ந்தது கிள்ளான், பூச்சோங், ஷா ஆலம் பக்கம், அதாவது வீங்கிப்போன தொகுதிகளுக்கு. நம் வாக்கின் எடை குறைந்ததில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

தொகுதி எல்லைகளை மறுசீரமைப்பது தேர்தல் ஆணையம். ஒரு சீரமைப்புக்கும் அடுத்ததற்கும் குறைந்தது எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும். முன்மொழிவைக் காட்சிக்கு வைப்பார்கள். அந்தத் தொகுதியில் நூறு வாக்காளர்கள் சேர்ந்தால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பிறகு மக்களவையில் சாதாரணப் பெரும்பான்மை போதும். இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டத்தான் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 வாக்கு தேவை. தீபகற்பத்தின் கடைசிச் சீரமைப்பு 2018 மார்ச் இறுதியில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னதாக நிறைவேறியது. ஆட்சேபம் சொல்ல நூறு பேர் என்பது ஓர் அடுக்ககத்தின் இரண்டு மாடிதான். அந்த அறிவிப்பு வரும்போது கவனியுங்கள்.

இந்தியர்களுக்கென்று தனித் தொகுதி உண்டா?

இல்லை. எந்த இனத்துக்கும் ஒதுக்கப்பட்ட தொகுதி கிடையாது. இந்திய வாக்காளர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட நாட்டில் இல்லை. 1955 தேர்தலில் மலாய்க்காரரின் அம்னோ, சீனரின் மசீச, இந்தியரின் ம.இ.கா. ஆகிய கட்சிகள் சேர்ந்த கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்ற காலத்திலிருந்தே, இந்திய வேட்பாளர் என்பவர் கூட்டணியின் இடப்பங்கீட்டில் வருகிறவர். மற்ற இனத்தாரின் வாக்கோடுதான் ஜெயிப்பவர். ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் காலத்திலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

அதே சமயம் சுங்கை சிப்புட், கிள்ளான், கோத்தா ராஜா, பாடாங் செராய், போர்ட் டிக்சன் போன்ற கலப்புத் தொகுதிகளில் நம் வாக்கு தராசை ஒரு பக்கம் சாய்க்கும். இந்தியர் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய 2007 நவம்பர் 25 பேரணிக்கு மூன்றரை மாதம் கழித்து, 2008 மார்ச் 8 தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. 1974 முதல் சுங்கை சிப்புட்டை வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலு, டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார்.

வேட்பாளராக நிற்க எவ்வளவு பணம் வேண்டும்?

நாடாளுமன்றத்துக்கு வைப்புத் தொகை 10,000 ரிங்கிட், சட்டமன்றத்துக்கு 5,000. பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்குகூட வாங்காவிட்டால் வைப்புத் தொகை போய்விடும். பிரச்சாரச் செலவு நாடாளுமன்ற வேட்பாளருக்கு 2 இலட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 1 இலட்சம் ரிங்கிட் வரை. இந்த வரம்பு வேட்பாளருக்கு மட்டுமே, கட்சிக்கு இல்லை. பணம் வெள்ளமாகப் பாயும் வாய்க்கால் அங்கேதான் திறந்து கிடக்கிறது.

வாக்களிப்புக்கு முன் வேட்பாளர் இறந்துவிட்டால்?

அந்தத் தொகுதியில் மட்டும் தேர்தல் நின்று, புதிதாக வேட்புமனு வாங்கி நடத்துவார்கள். 2022இல் பாடாங் செராயில் மு. கருப்பையா அவர்கள் வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்பு காலமானார். அங்கே டிசம்பர் 7 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது.

நாம் ஜெயிக்கவைத்தவர் கட்சி தாவினால்?

2022 அக்டோபர் 5 முதல் நடைமுறையில் இருக்கும் அரசியலமைப்பின் 49அ பிரிவின்படி, கட்சியை விட்டு விலகினாலோ வேறு கட்சியில் சேர்ந்தாலோ அவருடைய இடம் காலியாகும், இடைத்தேர்தல் வரும். ஆனால் இரண்டு ஓட்டைகள் உண்டு. கட்சியே அவரை நீக்கினால் இடம் போகாது. கட்சியில் இருந்துகொண்டே எதிரணிப் பிரதமரை ஆதரித்தால் என்ன என்பதும் தெளிவாக எழுதப்படவில்லை. முகிதீனின் பெர்சத்து கட்சியைச் சேர்ந்த ஆறு மக்களவை உறுப்பினர்கள் அன்வாருக்கு ஆதரவு தெரிவித்தபோது, அவர்களின் இடங்கள் காலியாகவில்லை என்று 2024 ஜூலையில் சபாநாயகர் முடிவு செய்தார். ஒரு கட்சி முழுவதுமாக அணி மாறினாலும் இந்தச் சட்டம் தொடாது.

மேலவைக்கு நாம் வாக்களிப்பதில்லையே?

இல்லை. 70 பேரில் 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்புகின்றன, மாநிலத்துக்கு இருவர். மீதி 44 பேர் நியமனம். மூன்று ஆண்டுப் பதவி, இரண்டு தவணைக்கு மேல் கிடையாது. மேலவையால் ஒரு சட்டத்தை ஓராண்டு வரை தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது.

நகராண்மைக் கழகத்துக்கும் தேர்தல் உண்டா?

ஒரு காலத்தில் இருந்தது. கடைசியாக 1963இல் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965இல், நிறுத்திவைத்தார்கள். 1976 உள்ளாட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. இன்று கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது. சாக்கடை, குப்பை, கோயில் நிலம், அங்காடிக் கடை உரிமம் என்று நம் அன்றாடப் பிரச்சினைகள் எல்லாம் அங்கேதான் போய் நிற்கின்றன. அங்கே நமக்கு வாக்கில்லை. இதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அடுத்த பொதுத் தேர்தல் எப்போது?

நாடாளுமன்றத்தின் ஆயுள், அது முதன்முதலில் கூடிய நாளிலிருந்து ஐந்து ஆண்டு. 15ஆவது நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 19 அன்று கூடியது. முன்கூட்டியே கலைக்கப்படாவிட்டால் 2027 டிசம்பரில் தானாகக் கலையும். அதிலிருந்து 60 நாளுக்குள் தேர்தல். சில மாநிலங்களின் சட்டமன்றத் தேர்தல் சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம்; கலைக்கும் முடிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. சரவாக் பல பத்தாண்டுகளாகத் தனியாகத்தான் நடத்துகிறது. வேட்புமனு நாளுக்கும் வாக்களிப்பு நாளுக்கும் நடுவே 2018இல் 11 நாள் கிடைத்தது, 2022இல் 14 நாள். முகவர் பயிற்சிக்கு ஆள் சேர்க்க அந்த இரண்டு வாரம் போதாது. பேரைக் கொடுக்க நினைப்பவர்கள் அதற்கு முன்பே உங்கள் தொகுதிக் கட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.